ஒப்புதல் படிவத்தில் உரைபெயர்ப்பாளராகக் கையொப்பமிட்ட தாதியின் பொறுப்பு எதுவரை?

இரவுப்பணித் தாதி | செவ்வாய், காலை 9.20

வணக்கம். ஒரு பொது மருத்துவமனையின் அறுவைசிகிச்சை வார்டில் பதினொரு ஆண்டுகளாகப் பதிவுபெற்ற தாதியாகப் பணியாற்றுகிறேன். இரவுப் பணி முடிந்து வீடு வந்தும் உறக்கம் பிடிக்காததால் இதை எழுதுகிறேன்.

எங்கள் வார்டில் தமிழ் பேசத் தெரிந்தவர்கள் இருவர்தாம். ஆகவே, தமிழ் மட்டுமே பேசும் நோயாளி வந்தால், அவர் என் படுக்கைகளில் இல்லாவிட்டாலும் என்னைத்தான் அழைப்பார்கள். மூன்று நாள்களுக்கு முன் முதியவர் ஒருவரிடம் ஒப்புதல் பெற அறுவை மருத்துவர் வந்தபோதும் அப்படித்தான் அழைத்தார்கள். பெருங்குடலில் புற்றுநோய், அது கல்லீரலுக்கும் பரவியிருந்தது. குடல் அடைபட்டுக்கொண்டிருப்பதால் வயிற்றில் துளையிட்டு, மலம் வெளியேறுவதற்குப் பை பொருத்த வேண்டும். இந்த அறுவை அடைப்பிலிருந்து விடுவிக்கத்தான், இதனால் நோய் குணமாகாது என்று மருத்துவர் ஆங்கிலத்தில் மிகத் தெளிவாகவே சொன்னார்.

அதற்குப் பத்து நிமிடம் முன்னதாக நோயாளியின் மகன் மின்தூக்கி அருகே என்னை நிறுத்தி, "அக்கா, அப்பாவிடம் கேன்சர் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அம்மா போய் எட்டு மாதந்தான் ஆகிறது" என்று கேட்டுக்கொண்டார். நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. படுக்கையருகே போய் நின்றதும் என் வாயில் வந்தது இவ்வளவுதான்: "ஐயா, குடலில் ஒரு கட்டி இருக்கிறது. அதனால் மலம் போக வழியில்லை. ஆபரேஷன் செய்து ஒரு பை வைப்பார்கள்." கல்லீரலைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. குணமாகாது என்பதையும் விட்டுவிட்டேன். மகன் என்னைப் பார்த்து இலேசாகத் தலையசைத்தார். நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டதாக மருத்துவர் எண்ணிக்கொண்டார். பெரியவர் கையொப்பமிட்டார். அதே படிவத்தில் உரைபெயர்ப்பாளர் என்ற இடத்தில் என் பெயரும் கையொப்பமும் இருக்கின்றன.

இன்று அதிகாலை மூன்று மணிக்கு இரத்த அழுத்தம் பார்க்கச் சென்றபோது அவர் விழித்திருந்தார். "பை எத்தனை மாதத்துக்கும்மா? கட்டியை எடுத்ததும் இதையும் எடுத்துவிடுவார்கள்தானே?" என்று கேட்டார். காலையில் மருத்துவரிடம் கேட்போம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அறுவை வியாழக்கிழமை.

நான் செய்தது சட்டப்படி என்ன, தொழில்நெறிப்படி என்ன என்பதை அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

நெறியாளர் | செவ்வாய், காலை 9.55

நோயாளியின் வயது, முன்னாள் தொழில், படுக்கை எண் ஆகியவை பதிவில் இருந்தன, நீக்கியிருக்கிறேன். சிங்கப்பூரில் தமிழர் வட்டம் சிறியது. மூன்று குறிப்புகள் கிடைத்தாலே ஆள் யாரென்று சொல்லிவிடுவார்கள். கருத்துரைப்பவர்களும் இதை மனத்தில் கொள்ளவும்.

பழைய வார்டு | செவ்வாய், காலை 10.30

தங்கைக்கு, ஊட்ரம் வளாகத்துத் தாதிமைப் பள்ளியில் பயின்ற தலைமுறையைச் சேர்ந்தவள் நான். பணி ஓய்வு பெற்றுவிட்டேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 'கட்டி' என்ற சொல்லைப் பற்றியே நீ அதிகம் கவலைப்படுவதாகத் தெரிகிறது. என் கணக்கில் உன் பிழை அந்தச் சொல்லில் இல்லை. அந்த மனிதர் எதற்கு ஒப்புக்கொள்கிறார் என்பதையே நீ மாற்றிவிட்டாய். குணமாவதற்கான அறுவை என்று நினைத்து அவர் கையொப்பமிட்டிருக்கிறார் என்பதற்கு அதிகாலை மூன்று மணிக்கு அவர் கேட்ட கேள்வியே சான்று. பை எத்தனை மாதத்துக்கு என்று கேட்பவர், அது வாழ்நாள் முழுவதும் இருக்கக்கூடும் என்பதை அறியாதவர்.

எங்கள் காலத்திலும் இதே மின்தூக்கி, இதே மகன்கள்தாம். அப்போதெல்லாம் மருத்துவரே குடும்பத்தாரை அறைக்கு வெளியே அழைத்து உண்மையைச் சொல்லிவிட்டு, உள்ளே வந்து நோயாளியிடம் "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று முதுகில் தட்டிவிட்டுப் போவார். நாங்களும் வாய் பேசாமல் நின்றிருக்கிறோம். அது அன்பினால் நடந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், அதன்பின் இரவு முழுவதும் அந்த நோயாளியின் கேள்விகளுக்கு முகம் கொடுப்பவள் தாதி. மருத்துவர் ஒரு முறை சொல்லும் பொய்யைத் தாதி எட்டு மணிநேரம் காப்பாற்ற வேண்டியிருக்கும்.

இப்போது செய்ய வேண்டியது: உறங்குவதற்கு முன் உன் தாதிமை மேலாளரைத் தொலைபேசியில் அழைத்து, நடந்ததை நடந்தபடி சொல். நீயாகப் போய் நோயாளியிடம் எதையும் விளக்காதே. நோய் இன்னது, இவ்வளவு பரவியிருக்கிறது என்று சொல்வது மருத்துவரின் வேலை. மருத்துவர் சொன்னதில் பாதியைத்தான் நான் சொன்னேன் என்று ஒப்புக்கொள்வது உன் வேலை. இரண்டையும் குழப்பிக்கொண்டு நள்ளிரவில் தனியாகப் போய் உண்மையைப் போட்டுடைத்த தாதியரையும் நான் பார்த்திருக்கிறேன். அதனால் விளைந்த துன்பம் இதைவிடப் பெரிது.

சட்டம் படித்தவன் | செவ்வாய், பகல் 12.10

நான் மருத்துவச் சட்டத்தில் பயிற்சி பெற்றவன். ஆயினும் இது பொதுவான விளக்கமே. உங்கள் வழக்குக்கான ஆலோசனையாகக் கொள்ள வேண்டாம்.

முதலில் மகனின் நிலை. சிங்கப்பூரில் 2008ஆம் ஆண்டு மனத்திறன் சட்டத்தின் அடிப்படையே, வயதுவந்த ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் உண்டு என்று கருதித்தான் தொடங்க வேண்டும் என்பதாகும். முதுமையோ, படிப்பின்மையோ, துணையை இழந்த துயரமோ அத்திறனை இல்லாமல் ஆக்கிவிடாது. திறன் உள்ளவரின் சார்பாக ஒப்புக்கொள்ளவோ மறுக்கவோ நெருங்கிய உறவினருக்குச் சட்ட உரிமை எதுவும் இல்லை. எல்பிஏ என்று நாம் சொல்லும் நீடித்த அதிகாரப் பத்திரத்தை மகனின் பெயரில் தந்தை எழுதிவைத்திருந்தாலும், தந்தையின் உடல்நலம் பற்றிய முடிவுகளில் அது செயலுக்கு வருவது அவர் திறனை இழந்த பிறகுதான். அப்போதும்கூட உயிர்காக்கும் சிகிச்சை குறித்த முடிவு அந்தப் பத்திரத்தின்வழி மகனிடம் போய்விடாது. இது தெரியாமல் எல்பிஏ நகலைக் கையில் பிடித்துக்கொண்டு வார்டில் வாதாடுபவர்கள் ஏராளம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தந்தைக்குத் தெரிவதற்கு முன்பே அவருடைய நோய் மகனுக்குத் தெரிந்திருக்கிறது. எப்படி? தந்தையின் அனுமதியுடனா? நீங்கள் கேட்காத இந்தக் கேள்வியும் இரகசியக் காப்புக் கடமையைச் சேர்ந்ததுதான். நம் மருத்துவமனைகளில் அன்றாடம் நடப்பதால் அது மீறல் என்றே எவருக்கும் தோன்றுவதில்லை.

அடுத்து, மொழி. ஒருவருக்குத் திறன் இல்லை என்று முடிவுகட்டுவதற்கு முன், அவர் தாமே முடிவெடுக்க நடைமுறையில் இயன்ற எல்லா உதவிகளையும் செய்ய வேண்டும் என்கிறது அதே சட்டம். எளிய மொழியில் விளக்குவதும் அதில் அடங்கும். ஆகவே, தமிழ் பேசும் நோயாளிக்குத் தமிழில் விளக்குவது மருத்துவமனை செய்யும் சலுகையன்று. அவருக்குப் புரியும் மொழியில் விளக்காமல் வாங்கிய கையொப்பம் வெறும் மைதான்.

ஒப்புதலின் நிலை சற்று நுட்பமானது. வயிற்றைத் திறந்து பை வைப்பார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனவே, இதை ஒப்புதலே இல்லாமல் உடலைத் தொட்ட அத்துமீறலாக நீதிமன்றம் பார்ப்பது கடினம். ஆனால் எதற்காக, எவ்வளவு பயன், வேறு வழி உண்டா என்பவை அவருக்குப் போய்ச் சேரவில்லை. அது ஆலோசனை வழங்குவதில் நேர்ந்த கவனக்குறைவு என்ற வகையில் வரும். 2017இல் ஹீ சீ கோக் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், எந்தத் தகவல் முக்கியம் என்பதை நோயாளியின் பார்வையிலிருந்து பார்க்க வேண்டும் என்று கூறியது. பின்னர் நாடாளுமன்றம் குடிமையியல் சட்டத்தில் 37ஆம் பிரிவைச் சேர்த்து, 2022 ஜூலை 1 முதல் மருத்துவர்களுக்கான அளவுகோலைச் சக மருத்துவர்களின் கருத்தோடு மீண்டும் இணைத்தது. அவ்வாறு இணைத்தபோதும், நோயாளி முடிவெடுக்கத் தேவையான தகவலைக் கருத்தில் கொள்ளாத கருத்தை அது ஏற்பதில்லை. தகவலைச் சொன்னால் நோயாளிக்குக் கடுந்தீங்கு நேரும் என்று மருத்துவர் தக்க காரணத்துடன் நம்பினால் மறைக்கலாம் என்றொரு விதிவிலக்கு உண்டு. அது குறுகியது, மருத்துவருக்கு உரியது. மின்தூக்கி அருகே மகன் எடுத்துக்கொள்ளக்கூடியது அன்று. தாதி எடுத்துக்கொள்ளக்கூடியதும் அன்று.

உங்கள் கையொப்பத்துக்கு வருகிறேன். சாட்சியாகக் கையொப்பமிடுபவர், இன்னார் கையொப்பமிட்டதைக் கண்டேன் என்று மட்டுமே சொல்கிறார். உரைபெயர்ப்பாளராகக் கையொப்பமிடுபவரோ, சொல்லப்பட்டதை நோயாளிக்குப் புரியும் மொழியில் எடுத்துரைத்தேன் என்று உறுதி கூறுகிறார். இரண்டும் ஒரே தாளில் அருகருகே இருப்பதால் பலரும் ஒன்றென்று எண்ணிக் கையொப்பமிட்டுவிடுகிறார்கள். இழப்பீடு என்று வந்தால் பணியாளரின் கவனக்குறைவுக்கு மருத்துவமனையே பொதுவாகப் பொறுப்பேற்கும். தொழில்நெறிப் பொறுப்பு அப்படிக் கைமாறாது. தாதியர், தாய்மைத் தாதியர் சட்டத்தின்கீழ் உங்கள் பெயரைப் பதிவேட்டில் வைத்திருப்பது சிங்கப்பூர்த் தாதியர் வாரியம். புகார் எழுந்தால் கண்டிக்கவும் பணிசெய்யத் தடை விதிக்கவும் பெயரை நீக்கவும் வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. அறுவைக்கு முன் நீங்களே முன்வந்து திருத்தினால் அந்த நிலை வருவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு என்பது என் கருத்து.

தோ பாயோ மகன் | செவ்வாய், பகல் 1.40

எல்லாரும் சட்டம் பேசுகிறீர்கள். நானும் அந்த மின்தூக்கி அருகே நின்றவன்தான். என் தாயாருக்குக் கணையத்தில் வந்தபோது நாங்கள் ஐந்து பிள்ளைகளும் சேர்ந்து மறைத்தோம். நான்கு மாதங்கள் வயிற்றுப் புண் என்று நினைத்துக்கொண்டே, பேரனுக்குக் காது குத்தி, தைப்பூசத்துக்குத் தேங்க் ரோடு முருகன் கோயிலுக்கு வந்து பால்குடம் பார்த்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். தெரிந்திருந்தால் அந்த நான்கு மாதமும் சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பார். அவரை ஐம்பது ஆண்டு அறிந்தவன் சொல்கிறேன். அந்த முடிவுக்காக நான் வருந்தவில்லை. தாதியர் எங்களுக்கு உதவினார்கள். அவர்களுக்கு இன்றும் நன்றியுடையவன்.

பழைய வார்டு | செவ்வாய், பகல் 2.05

தம்பி, உங்கள் தாயாரை நீங்கள் அறிவீர்கள் என்பதை நான் ஐயுறவில்லை. ஒரே ஒரு கேள்வி. "உங்கள் நோயைப் பற்றி உங்களிடம் பேசட்டுமா, பிள்ளைகளிடம் பேசட்டுமா?" என்று யாராவது அவரைக் கேட்டார்களா? "எனக்கெதற்கு, மூத்தவனிடம் சொல்லுங்கள்" என்று அவர் சொல்லியிருந்தால், நீங்கள் செய்த அதே செயல் முழுக்க முறையானதாகியிருக்கும். தெரிந்துகொள்ளாமல் இருக்கும் உரிமையும் நோயாளிக்கு உண்டு. அந்த உரிமையை அவர்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தோ பாயோ மகன் | செவ்வாய், பகல் 2.30

கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அவசரப் பிரிவு | செவ்வாய், மாலை 6.15

உரைபெயர்ப்பு என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது வேறு வகையான நோயாளிகள். தமிழ்நாட்டிலிருந்து வந்து கட்டுமானத் தளங்களில் வேலை செய்யும் தம்பிமார்கள். அவசரப் பிரிவுக்கு அவர்கள் தனியாக வருவது அரிது. மேற்பார்வையாளர் கூடவே வருவார், திரைக்குள்ளும் நுழைவார், ஆங்கிலத்தில் பதில்களையும் அவரே சொல்லிவிடுவார்.

ஒரு நாள் கணுக்கால் முறிந்த இளைஞர் ஒருவரை அழைத்து வந்தவர், விடுதிக் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னார். அவருடைய காலணிகளைக் கழற்றியது நான். பாதுகாப்புக் காலணியின் வார் அறுந்திருந்தது. உள்ளங்கால் பள்ளங்களில் ஈரச் சிமெண்டு காயாமல் ஒட்டியிருந்தது. குளியலறையில் யாரும் அந்தக் காலணியுடன் குளிப்பதில்லை. எக்ஸ்ரேக்கு நோயாளி மட்டும் வரட்டும் என்று சொல்லி அவரைத் தனியே தள்ளிக்கொண்டு போனேன். வழியில் "தம்பி, எங்கே விழுந்தீங்க?" என்று கேட்டேன். சாரத்திலிருந்து என்றார். "அக்கா, எழுதிடாதீங்க, ஊருக்கு அனுப்பிடுவாங்க" என்றும் சொன்னார்.

இங்கே கடமைகள் ஒன்றோடொன்று மோதும். அவர் வேண்டாம் என்கிறார். ஆனால் எப்படிக் காயம்பட்டது என்பது சிகிச்சைக்கும் தேவை, அவருடைய இழப்பீட்டுக்கும் தேவை. வேலையிட விபத்தால் ஒரு நாள் மருத்துவ விடுப்போ இலகுவேலையோ கொடுக்கப்பட்டாலும் முதலாளி மனிதவள அமைச்சிடம் தெரிவித்தாக வேண்டும் என்பது 2020 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. நான் அதை அவருக்குத் தமிழில் விளக்கினேன். மருத்துவரிடம் அவரே சொல்லும்படி உட்காரவைத்தேன். என் குறிப்பில் அவர் சொன்ன சொற்களை மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுதினேன். காலணியின் நிலையையும் எழுதினேன். என் ஊகம் எதையும் எழுதவில்லை. மேற்பார்வையாளர் வெளியே வந்து நோய் விவரம் கேட்டபோது, நோயாளியைக் கேளுங்கள் என்று மட்டும் சொன்னேன். சிகிச்சைக் கட்டணத்தைச் செலுத்துவது முதலாளி என்பதற்காக மருத்துவக் குறிப்பு முழுவதும் அவருக்கு உரியதாகிவிடாது.

நான் சொல்ல வந்தது இதுதான். தமிழ் தெரிந்த தாதியை எல்லாரும் குழாய் மாதிரி நினைக்கிறார்கள்: ஒரு பக்கம் ஊற்றினால் மறுபக்கம் வந்துவிடும் என்று. மருத்துவர், குடும்பம், முதலாளி என்று எல்லாரும் நம்மை அவரவர் பக்கம் வளைக்கப் பார்ப்பார்கள். பயிற்சி பெற்ற உரைபெயர்ப்பாளரை அழைக்கும் ஏற்பாடு உங்கள் மருத்துவமனையில் இருக்கும். தண்ணீர் வேண்டுமா, வலிக்கிறதா என்பதற்கு நாம் போதும். கத்தி வைக்கும் ஒப்புதலுக்கு அந்த ஏற்பாட்டைப் பயன்படுத்துங்கள் என்று கேட்பதில் வெட்கப்பட எதுவுமில்லை.

உட்லண்ட்ஸ் வாசகி | செவ்வாய், இரவு 8.50

நான் தாதி அல்லள். தோ பாயோ மகன் எழுதியதைப் படித்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் தந்தையிடம் நாங்களும் மறைத்தோம். எங்கள் கதை அப்படி முடியவில்லை.

அப்பா மசேநிதிக்கு, அதாவது சம்பளத்திலிருந்து பிடித்துச் சேர்க்கும் மத்திய சேம நிதிக்கு, வாரிசு நியமனம் செய்திருந்தது திருமணத்துக்கு முன், அவருடைய தாயார் பெயரில். திருமணம் ஆனதும் பழைய நியமனம் செல்லாது என்பது அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. மருத்துவமனையில் கிடந்த ஆறு வாரமும் "வீட்டுக்குப் போனதும் சில காகிதங்களைப் பார்க்கணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வீட்டுக்குப் போய்விடுவோம் என்று நம்பியவர் அப்படித்தானே சொல்வார்? உயில் எழுதினாலும் மசேநிதிப் பணம் அதில் அடங்காது. நியமனம் இல்லாததால் பணம் பொது அறங்காவலர் அலுவலகத்துக்குப் போய், வாரிசுச் சட்டப்படி அம்மாவுக்கும் பிள்ளைகளுக்குமாகப் பங்கிடப்பட்டது. அப்பாவின் எண்ணமோ, நடக்க முடியாத என் தம்பிக்கு அதிகம் விட்டுச்செல்ல வேண்டும் என்பது. அண்ணன் தன் பங்கை விட்டுத்தரவில்லை. இன்று பொங்கலுக்குக்கூட எங்கள் வீட்டில் ஒருவர் இருந்தால் ஒருவர் வருவதில்லை.

கிழக்குக் கரை | செவ்வாய், இரவு 9.30

இடையில் ஒரு சந்தேகம். பிழைக்க வழியில்லாத நிலையில் உயிரை இழுத்துப்பிடிக்கும் சிகிச்சை வேண்டாம் என்று முன்பே எழுதிவைக்கும் முன்கூட்டிய மருத்துவ உத்தரவு எழுதியிருக்கிறாரா என்று அந்தப் பெரியவரிடமே தாதி கேட்டுவிட்டால் பேச்சைத் தொடங்க எளிதாக இருக்குமே?

சட்டம் படித்தவன் | செவ்வாய், இரவு 10.05

வேண்டவே வேண்டாம். 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எழுதப்படும் அந்த உத்தரவு இரகசியமானது. எழுதியிருக்கிறீர்களா என்று மருத்துவரோ தாதியோ நோயாளியிடம் கேட்பதையே அச்சட்டம் தடுக்கிறது. நீங்கள் நினைப்பது முன்கூட்டிய பராமரிப்புத் திட்டமாக இருக்கலாம். அது சட்டப்படி கட்டுப்படுத்தும் ஆவணம் அன்று. நோயாளி, குடும்பம், பராமரிப்புக் குழு மூவரும் உட்கார்ந்து பேசிப் பதிந்துவைக்கும் விருப்பம். அதைப் பற்றிப் பேசத் தடையில்லை. தன் நோய் என்னவென்று தெரியாத ஒருவரிடம் அதைப் பேசவும் முடியாது.

இரவுப்பணித் தாதி | புதன், அதிகாலை 5.10

எல்லாருக்கும் நன்றி. நேற்றுப் பகலில் தாதிமை மேலாளரை அழைத்தேன். ஐந்து நிமிடம் பேசவே கை நடுங்கியது. அவர் திட்டவில்லை, "இன்னும் நேரம் இருக்கிறது" என்றார். சம்பவ அறிக்கையை நானே எழுதிப் பதிவேற்றினேன். "நோயாளியின் மகன் கேட்டுக்கொண்டதால்" என்று தொடங்கிய முதல் வரியை அழித்துவிட்டு, "நான்" என்று தொடங்கும்படி மாற்றி எழுத அரை மணிநேரம் ஆயிற்று.

பழைய வார்டு | புதன், காலை 7.00

அந்த ஒரு வரிக்காகவே உன்னை என் வார்டில் சேர்த்துக்கொண்டிருப்பேன். மறு உரையாடலில் நீ உரைபெயர்க்காதே. 'கேன்சர்' என்ற சொல்லைத் தவிர்க்க வேண்டாம் என்று வருபவரிடம் சொல்லிவை. 'புற்று' என்றால் பாம்புப் புற்றை நினைக்கும் பெரியவர்களும் உண்டு. 'கேன்சர்' எல்லாருக்கும் தெரியும். சொன்ன பிறகு, புரிந்ததா என்று கேட்க வேண்டாம். ஆம் என்றுதான் சொல்வார். என்ன புரிந்தது என்று அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும்.

இரவுப்பணித் தாதி | சனி, முற்பகல் 11.45

நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். புதன்கிழமை பிற்பகல் அறுவை மருத்துவர், வேறு பிரிவிலிருந்து வந்த உரைபெயர்ப்பாளர், மருத்துவச் சமூக சேவையாளர் மூவரும் அவரோடு உட்கார்ந்தார்கள். அதற்கு முன் மருத்துவர் மகனைத் தனியே அழைத்து, அப்பாவைக் கேட்ட பிறகே எதையும் சொல்வோம், கேட்காமல் மறைக்கவும் மாட்டோம் என்று சொன்னாராம். எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா என்று கேட்டதற்குப் பெரியவர், "என் வயிறுதானே, என்னிடம் சொல்லுங்கள்" என்றிருக்கிறார். மகனையும் உள்ளே இருக்கச் சொன்னாராம். பழைய படிவத்தை இரத்து செய்து புதியதில் கையொப்பம் வாங்கினார்கள். அறுவை குறித்தபடி வியாழக்கிழமை நடந்தது. அதற்கு முன்பே மசேநிதி நியமனப் படிவம் பற்றிச் சமூக சேவையாளரிடம் கேட்டுக்கொண்டார் என்று மேலாளர் சொன்னார்.

சம்பவ அறிக்கையின் மீது அடுத்த வாரம் கூட்டம் இருக்கிறது. பயிற்சி வகுப்புக்கு அனுப்பக்கூடும் என்கிறார்கள். வார்டில் ஒப்புதலுக்கு இனித் தாதியரை உரைபெயர்க்க அழைக்க வேண்டாம் என்று தற்காலிகமாக அறிவித்திருக்கிறார்கள்.

மகன் என்னைக் கண்டால் வணக்கம் சொல்கிறார். பெரியவர் என்னோடு பேசுவதில்லை. நேற்றிரவும் அவர் என் படுக்கைகளில்தான் இருந்தார். பையை மாற்றும்போது முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். தண்ணீர் வேண்டியபோது, நான் அருகிலேயே நின்றுகொண்டிருந்தும், எதிர்ப்படுக்கை அருகே நின்ற மலாய்த் தாதியைக் கையசைத்து அழைத்து, தமக்குத் தெரிந்த சந்தை மலாயில் "ஆயர்" என்றார்.